நான் என்பதும் சங்கம் என்பதும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நேற்றிருந்தவனும் இன்றிருப்பவனும் ஒருவனே என எதனைக்கொண்டு துணிகின்றோம்? உடம்பைக் கொண்டெனின், அது குழவிப் பருவந்தொட்டு மாறிக்கொண்டே வருகின்றது. ஆங்கில நாட்டு லாக் என்னும் அறிஞர் 1694-இல் இதற்கு விடை கூறப் புகுந்து, அரசகுமாரன் ஒருவனது நினைவு முழுதும் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் உடம்பிற் புகுந்ததாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அரசகுமாரன் செய்தவற்றுக்கு அவ்வுடம்பினனே பொறுப்பாவான் என்பது அவர் முடிபு. நினைவே ஆளை ஆளாக்குகின்றது என்றவாறு.

ஸ்காத்லாந்து தேயத்து ஹியூம் 1739-இல் வெளியிட்ட நூலில் வேறு கூறினார். உள்நோக்குந்தோறும் வெம்மை, குளிர், இன்பம், துன்பம் என்று யாதானுமோர் உணர்வே தட்டுப்படுகின்றதன்றி, அவற்றையுடைய ‘நான்’ தனியே தட்டுப்படவில்லை என்றார். பின் உயிரைக் குடியரசொன்றனோடு ஒப்பிட்டார். குடிகள் மாறுவர், சட்டமும் மாறும், குடியரசு அதுவே. இவ்வுவமை எமக்குப் பெரிதும் உவப்பானது. சங்கத்தை விளக்க மனிதனைக் காட்டுவோரே பலர். இவரோ மனிதனை விளக்கக் கூட்டத்தைக் காட்டினார்.

முன்னோர் ஓர் ஏழை மாணவனுக்குப் படிப்பு முடியுமட்டும் பொருளுதவுவதாகத் தீர்மானம் எழுதி ஒப்பமிட்டனர் என்று கொள்வோம். ஒப்பமிட்டோர் யாவரும் மறைந்தனர். ‘நாம் ஒப்பமிடவில்லையே’ எனலாமோ? லாக்கின் வழி நோக்கினால் தீர்மானப் புத்தகமே சங்கத்தின் நினைவு. அது செல்லரித்துப் போனால் கடனும் ஒழிந்ததோ? ஒழியாது. மறந்தவன் கடன் தீர்ந்தவனாகான் அன்றோ? நினைவொன்றே போதும் என்னுங் கொள்கை இவ்விடத்துத் தளர்கின்றது என்பதே எம் துணிபு.

இனி, பலர் கூடியவிடத்து ஒருவன் தன்னை மறைத்துக்கொள்ளுதலும் உண்டு. பிரெஞ்சு நாட்டு வேளாண் பொறியறிஞர் ரிங்கெல்மன் ஆட்களைக் கயிறிழுக்கச் செய்து அளந்து, 1913-இல் வெளியிட்டார். எண்மர் கூடியிழுத்த விசை, அவர் தனித்தனியே இழுக்கக்கூடிய விசைகளின் தொகையில் ஏறத்தாழப் பாதியே. தேர்வடம் பிடித்தோர் இதனை நம்பத் தயங்கார்! ஒருசேர இழுக்கத் தவறுதல் ஒரு காரணம். ‘பிறர் இழுப்பர்’ என்னும் எண்ணம் மற்றொன்று. 1974-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருவனது கண்ணைக் கட்டி, பின்னே பலர் இழுப்பதாக நம்பச்செய்தனர். பின்னே இழுப்பார் ஒருவருமிலர். ஆயினும் அவன் விசை குறைந்தது. 1981-இல் வெளிவந்த மற்றொரு சோதனையில், ஒவ்வொருவர் கூவும் ஒலியும் தனியே அளக்கப்படும் என அறிந்தவிடத்து அத்தளர்ச்சி நீங்கிற்று.

ஆகலின், கல்வி நிதிக்கு ‘உறுப்பினர் யாவரும் உதவுக’ என்று எழுதுவதினும், இன்ன மாணவனுக்கு இன்னார், இத்தனை ரூபாய், இன்ன தேதிக்குள் என்று எழுதுவதே தக்கது. அடுத்த கூட்டத்தில் வைக்கவிருக்குந் தீர்மானத்திற் பெயர்களுக்கு இடம் விட்டிருக்கின்றோம். முதல் வரியில் எம் பெயரை எழுதியாயிற்று.