எந்திரத்தின் நாடி



மருத்துவர் நோயாளியின் கையைப் பற்றி நாடி பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்லி அதன் நிறத்தை நோக்குகிறார். உள்ளே நிகழ்வதை வெளியே தோன்றும் அடையாளத்தால் அறிவது மருத்துவக் கலையின் முதற்பாடம். மோட்டார்க் காரின் எந்திரத்துக்கும் அத்தகைய நாடி ஒன்று உண்டு. அதுதான் எண்ணெயின் அளவைக் காட்டும் மெல்லிய இரும்புக் கோல். பட்டறைக்காரர்கள் அதனை ‘டிப் ஸ்டிக்’ என்றும் ‘ஆயில் கேஜ்’ என்றும் சொல்வார்கள். ஒருமுறை எண்ணெய் மாற்றியதற்கும் அடுத்த முறை மாற்றுவதற்கும் இடையே அக்கோலை எவ்வாறு பார்ப்பது, பார்த்து எதனை அறிவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

‘எங்கள் வீட்டில் கார் இல்லையே!’ என்று உங்களுள் சிலர் எண்ணலாம். கார் இல்லாவிட்டால் என்ன? மோட்டார் சைக்கிள், வயலில் நீர் இறைக்கும் டீசல் எந்திரம், எங்கள் முதுநகர்த் துறைமுகத்தில் நிற்கும் மீன்பிடி விசைப்படகு ஆகிய எல்லாம் இந்த ஒரே விதிக்கு உட்பட்டவை. நிலத்தில் ஓடும் கார் பழுதுற்றால் ஓரமாக நிறுத்தலாம்; நடுக்கடலில் படகின் எந்திரம் இறுகிப்போனால் யாரை அழைப்பது? ஆதலால் கரையைவிட்டுப் புறப்படுமுன் எண்ணெயைப் பார்ப்பது படகோட்டிக்கு உயிர்க்காப்பாகும்.

எந்திரத்துக்கு எண்ணெய் எதற்கு? என் இளமையில் மாட்டுவண்டியின் அச்சுக்கு வைக்கோற் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மையைத் தடவுவார்கள். தடவாத வண்டி தெருக்கோடியில் வரும்போதே ‘கிறீச்’ என்று அலறும். உராய்வு வெப்பத்தைத் தரும். வெப்பம் தேய்வைத் தரும். இதனை நம் முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். அறிவியல் முறையில் இதனை ஆராய்ந்தவருள் ஒருவர் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1883-ஆம் ஆண்டு வெளியான தம் ஆய்வுக்காக, புகைவண்டி அச்சுத் தாங்கி போன்ற ஒன்றின் உச்சியில் அவர் துளையிட்டார். அச்சு சுழன்றதும் அத்துளை வழியே எண்ணெய் பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, பாரத்தையே தூக்கி நிறுத்தும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அதனால் புலனாயிற்று. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் இதற்குரிய கணிதக் கோட்பாட்டை வகுத்தார். எனவே நல்ல நிலையில் உள்ள தாங்கியில் இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. அப்படலம் அறுந்தால் எந்திரத்தின் வாழ்வும் அறும்.

உராய்வைக் குறைப்பது மட்டுமன்று. சூட்டைச் சுமந்து செல்லுதல், கரியையும் அழுக்கையும் ஏந்தி வருதல், பிஸ்டன் வளையத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அடைத்தல், துருவைத் தடுத்தல் ஆகியனவும் எண்ணெயின் பணிகளே.

இனி, பார்க்கும் முறையைக் கூறுகிறேன். வண்டியைச் சமதரையில் நிறுத்துக. மேடுபள்ளத்தில் நின்றால் கோல் பொய் சொல்லும். எந்திரத்தை நிறுத்திய பின் ஐந்து பத்து நிமிடங்கள் பொறுத்திருங்கள். மேலே தெறித்த எண்ணெய் அடித்தொட்டிக்கு வடிய அந்நேரம் வேண்டும். சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டுமா, ஆறிய பின் பார்க்க வேண்டுமா என்பதில் வண்டிக்கு வண்டி வேறுபாடு உண்டு. வண்டியோடு தந்த கையேட்டைப் படித்து அதன்படி செய்க. கோலை உருவித் தூய துணியால் துடையுங்கள். மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். முதல்முறை எடுத்தபோது தெரிந்தது கணக்கில் சேராது. கோலில் கீழ்க்குறி, மேற்குறி என இரண்டு இருக்கும். எண்ணெயின் விளிம்பு இவ்விரண்டுக்கும் இடையே நின்றால் நலம். மேற்குறியை ஒட்டி நின்றால் மிக நலம்.

கீழ்க்குறிக்குக் கீழே போயிருந்தால், கையேடு குறிக்கும் அதே வகை எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி மீண்டும் அளந்து பாருங்கள். ‘கூட இருந்தால் நல்லதுதானே’ என்று மேற்குறியைத் தாண்டி ஊற்றுவதும் கேடே. சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதனைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று உண்டு. காற்று பாரத்தைத் தாங்காது.

அளவுக்கு அடுத்தது தன்மை. எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று பலர் கருதுகின்றனர். அஃது எப்போதும் மெய்யன்று. டீசல் எந்திரத்தில் புதிய எண்ணெயும் விரைவில் கறுக்கும். புகைக்கரியைத் தன்னுள் ஏந்தித் தன் கடமையைச் செய்கிறது என்பதே அதன் பொருள். அஞ்ச வேண்டிய அடையாளங்கள் வேறு. பால் கலந்த காப்பி நிறம் தோன்றினால் நீர் கலந்திருக்கிறது; எந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதோ என ஆராய வேண்டும். பெட்ரோல் நெடி வீசினால் எரிபொருள் கலந்து எண்ணெய் நீர்த்துவிட்டது. விரல்களுக்கிடையே தேய்க்கும்போது நறநறத்தால் தூசி புகுந்துள்ளது. வெயிலில் பிடிக்கும்போது பொடிப்பொடியாக மின்னினால் உள்ளே ஏதோ ஓர் உறுப்பு தேய்கிறது. ஊற்றாமலே அளவு உயர்ந்திருந்தால் மகிழாதீர்கள்; புகக்கூடாதது ஒன்று புகுந்திருக்கிறது.

இவ்விறுதி அடையாளத்தின் அருமையைக் கடலூர் மக்கள் வெள்ளத்தால் அறிந்தனர். 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் எங்கள் மாவட்டம் பட்ட துன்பம் சொல்லில் அடங்காது. என்னிடம் பயின்ற ஒருவர் முதுநகரில் வாடகைக் கார் ஓட்டி நால்வர் கொண்ட குடும்பத்தைக் காத்து வந்தார். வண்டிக்கு வாங்கிய கடன் பாதிகூட அடையவில்லை. வெள்ளம் வடிந்த அன்று, அதே தெருவில் நின்ற மற்றொரு காரின் உரிமையாளர் ஆவலோடு சாவியைத் திருகினார். ‘டம்’ என்றோர் ஓசை, எந்திரம் நின்றது. காற்றை நசுக்கலாம், நீரை நசுக்க இயலாது என்பது நீங்கள் பாடத்தில் படித்ததே. உருளைக்குள் புகுந்த நீர் நசுங்க மறுத்ததால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிட்டது. என் மாணவரோ சாவியைத் தொடவில்லை, கோலை உருவினார். எண்ணெய் மேற்குறிக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. கோலின் நுனியில் நீர்த்துளிகள். “ஐயா, நீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் தங்கும் என்று நீங்கள் கற்பித்தீர்களே!” என்றார். மெக்கானிக்கு வந்து அடித்திருகைக் கழற்றியபோது, முதலில் நீரும் பின்னர் எண்ணெயும் வந்தன. உருளைகளில் இருந்த நீரையும் வெளியேற்றி, எண்ணெயும் வடிகட்டியும் மாற்றிய பிறகே எந்திரத்தை இயக்கினர். அக்குடும்பத்தின் அடுப்பு அணையவில்லை. 2024-இல் பெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை பெருகிய நாளிலும் அவர் அண்டை அயலாருக்கு இதனையே சொல்லிவந்தார்.

இன்னும் ஒன்று. முகப்புப் பலகையில் எண்ணெய்க் குடுவை வடிவில் எரியும் சிவப்பு விளக்கைப் பலர் அளவு காட்டும் விளக்கு என நினைக்கின்றனர். பெரும்பாலான வண்டிகளில் அது காட்டுவது அழுத்தத்தை. ஓடும்போது அது எரிந்தால், ‘வீடு வரை போய்விடலாம்’ என்று எண்ணாமல் உடனே ஓரமாக நிறுத்தி எந்திரத்தை அணைக்க வேண்டும். விளக்கு எரிவது இடர் வந்த பின். கோல் சொல்வதோ இடர் வருமுன். வாரம் ஒருமுறையும், நெடும்பயணத்துக்கு முன்பும் பார்ப்பவர் அவ்விளக்கை அஞ்ச வேண்டுவதில்லை.

கழித்த எண்ணெயை மண்ணிலோ உப்பனாற்றிலோ கொட்டலாகாது. அந்நீரை நம்பி மீனும், மீனை நம்பி மக்களும் வாழ்கின்றனர். கலத்தில் அடைத்துப் பழைய எண்ணெய் பெறும் இடத்தில் சேர்த்துவிட்டு, கைகளைச் சவுக்காரமிட்டுக் கழுவுங்கள்.

மின்சாரக் கார்கள் பெருகி வருகின்றன. அவற்றின் மோட்டாருக்கு இவ்வெண்ணெய் வேண்டுவதில்லை. ஒருநாள் இக்கோலே காட்சிச் சாலைப் பொருளாகலாம். ஆயினும் கருவியை இயக்குமுன் அதன் நிலையை அறிந்துகொள்ளும் வழக்கம் பழமையாகாது. இன்று மாலையே உங்கள் தந்தையாரோ தமையனாரோ உடனிருக்க, வீட்டு வண்டியின் எண்ணெயைப் பாருங்கள். கண்டதைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் எழுதினால், உங்கள் எந்திரம் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்பதை நீங்களே சொல்லும் வல்லமை பெறுவீர்கள்.