காலுக்கேற்ற செருப்பு – நம் கையாலேயே செய்வோம்

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று பேசுவோம். இன்று அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, நம்ம காலைப் பற்றிப் பேசப் போகிறோம்.

நாங்கள் குழுக் கூட்டங்களுக்கு வரும்போது ஒன்றைக் கவனித்து வருகிறோம். உள்ளே இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். வாசலில் பதினைந்து ஜோடி செருப்புதான் கிடக்கும். "ஏன்க்கா செருப்புப் போடலை?" என்று கேட்டால், சிலர் "மறந்துட்டேம்மா" என்று சிரிப்பார்கள். சிலர் மட்டும் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, "எந்தச் செருப்பும் எனக்குச் சேர மாட்டேங்குதும்மா" என்பார்கள்.

இப்படிச் சொல்பவர்கள் யார்? யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள். தொழுநோய் முழுதாகக் குணமாகியும் காலில் உணர்ச்சி திரும்பாதவர்கள். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சிறுத்துப் போனவர்கள். இவர்களுக்குக் கடையில் எட்டாம் நம்பர் கேட்டாலும் சேராது, பத்தாம் நம்பர் கேட்டாலும் சேராது. ஒரு கால் ஆறு, இன்னொரு கால் மூன்று என்றால் இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றில் ஒன்றைத் தூக்கிப் போட வேண்டும். யாரால் முடியும்?

நாம் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதுதான். குறை காலில் இல்லை, செருப்பில் இருக்கிறது. ஜாக்கெட்டை ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கிறோம். செருப்பை மட்டும் ஏன் நம்பர் பார்த்து வாங்கி, காலை அதற்குள் திணிக்கிறோம்?

வெறுங்கால் என்ன செய்யும்?

யானைக்கால் வீக்கம் உள்ள காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் போதும், அது வழியாகக் கிருமி உள்ளே போகும். உடனே குளிர் காய்ச்சல், நெறி கட்டுதல், கால் சிவந்து எரிச்சல். ஒவ்வொரு முறை இப்படி வந்து போகும்போதும் வீக்கம் இன்னும் கூடும். அதனால்தான் தினமும் சோப்புப் போட்டுக் கழுவு, விரல் இடுக்கைத் துடைத்துக் காயவை, செருப்புப் போடு என்று நர்சம்மா திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

மரத்துப் போன காலுக்கு வேறு ஆபத்து. வலி என்பது நமக்குக் காவல்காரன். முள் குத்தினால் "ஆ" என்று காலைத் தூக்குகிறோம். அந்தக் காவல்காரன் இல்லாத காலில் முள் உள்ளேயே இருக்கும், நாமும் நாள் முழுக்க நாற்று நட்டுக்கொண்டிருப்போம். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் காலில் புண் வருவது சதை அழுகுவதால் அல்ல, உணர்ச்சி இல்லாத காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் என்று அவரும் அவரோடு இருந்தவர்களும் காட்டினார்கள். அழுத்தத்தைப் பரவலாக்கும் மெத்தென்ற செருப்பு போட்டால் அந்தப் புண்ணைத் தடுக்கலாம். சர்க்கரை நோயில் மரத்த காலுக்கும் இதே பாடம்தான்.

ஒரு பெண்ணின் கால் புண்ணாகிப் படுத்துவிட்டால் அந்த வீட்டில் கூலி நிற்கும், கடன் தவணை நிற்கும், பெண் பிள்ளையின் படிப்பும் நிற்கும். இதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

"இது நம்ம வேலையா?"

ஒரு குழுவில் இதைச் சொன்னபோது, "செருப்பு தைக்கிறது நம்ம வேலையாம்மா?" என்று கேட்டார்கள். இதை மறைக்காமல் பேசிவிடுவோம். தோல் வேலையைச் சில சாதியாரின் தலையில் கட்டி, பிறகு அந்த வேலையைச் சொல்லியே அவர்களைத் தள்ளி வைத்தது நம்ம சமூகம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இந்தத் தெருவில் நடக்கணும் என்று சொன்ன கொடுமையும் நம்ம ஊர்களில்தான் நடந்தது. அந்தப் பழக்கத்தை நாமும் சுமக்க வேண்டுமா? காலைக் காக்கிற வேலையில் கேவலம் எதுவும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் செருப்பு தைக்கும் அண்ணனைக் கூட்டத்துக்கு அழைப்போம். நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு நாள் கூலியும் கொடுத்து, அவரிடமே கற்றுக்கொள்வோம். தையல் தெரிந்த நம் கைக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

என்னென்ன வேண்டும்?

மேல் அடிக்கு எம்.சி.ஆர். ஷீட். மெத்தென்ற ரப்பர் இது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பாதி கனத்துக்கு அமுங்கி, விட்டதும் மேலே வர வேண்டும். சாதாரண ரப்பர் செருப்பு அப்படி அமுங்காது. மரத்த காலுக்கு அது போதாது. 10 மில்லி மீட்டர் கனம் நல்லது.

கீழ் அடிக்குக் கெட்டியான ரப்பர் ஷீட். மெத்தென்ற ரப்பர் மட்டும் இருந்தால் சீமைக்கருவேல முள் ஒரே குத்தில் மேலே வந்துவிடும். பழைய டயர் போடுவதானால் உள்ளே கம்பி இல்லாத டயராகப் பார்க்க வேண்டும்.

வாருக்கு மிருதுவான தோல், அல்லது உள்பக்கம் பருத்தித் துணி வைத்துத் தைத்த ரெக்சின். மாட்டுவதற்கு வெல்க்ரோ. பிள்ளைகளின் பையில் கர்ரென்று சத்தம் போட்டுப் பிரியுமே, அதுதான். பிறகு செருப்பு ஒட்டும் பசை, கூர்மையான கத்தி, உப்புத்தாள்.

ஷீட்டை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, சென்னை பெரியமேடு போன்ற தோல் தொழில் நடக்கும் இடங்களில் விசாரிக்கலாம். ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடி, வீங்கிய காலுக்கு ஒன்றரை சதுர அடி போதும். தனியாக அலைவதைவிடக் குழுவாக ஒரு ஷீட் வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது சிக்கனம்.

செய்யும் முறை

1. சாயங்காலம் அளவெடுங்கள். காலையில் வற்றியிருக்கும் கால் சாயங்காலம் வீங்கும். பழைய காலண்டர் அட்டைமேல் முழு எடையும் போட்டு நிற்க வேண்டும். இன்னொருவர் பென்சிலை நேராகப் பிடித்து வரைய வேண்டும். இரண்டு காலையும் தனித்தனியாக வரையுங்கள்.

2. விரல் முனையில் ஒரு சென்டி மீட்டரும், பக்கங்களில் அரை சென்டி மீட்டரும் கூட்டி வெட்டுங்கள். வெட்டிய அட்டைமேல் நின்று பாருங்கள். பாதம் எங்கேயும் வெளியே தொங்கக் கூடாது.

3. வார் வரும் இடத்தில் நூல் சுற்றி அளவு பாருங்கள். வார் இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். ஒல்லி வார் வீங்கிய காலை அறுக்கும். கட்டை விரல் இடுக்கில் வரும் வார் வேண்டவே வேண்டாம். முன்பக்கம் ஒன்று, மேல்பாதத்தில் ஒன்று, குதிகாலுக்குப் பின்னால் ஒன்று வேண்டும். மரத்த காலில் செருப்பு கழன்று போனால்கூடத் தெரியாது, அதனால் பின் வார் கட்டாயம். வீக்கம் கூடினால் தளர்த்த வசதியாக வெல்க்ரோவை நீளமாக வையுங்கள்.

4. எம்.சி.ஆரின் ஓரத்தில் கீறல் போட்டு வாரை நுழைத்து, அடியில் மடித்து ஒட்டுங்கள். அதன்மேல் கீழ் அடி வரும். பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகு அழுத்துங்கள். இரவு முழுக்க அம்மிக்கல்லோ செங்கல்லோ பாரம் வையுங்கள். இந்தப் பசை சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பங்கரையில் வேண்டாம், திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

5. ஓரம் சுற்றிச் செருப்புத் தையல் போட்டால் உழைக்கும். ஆணி மட்டும் ஒன்றுகூட அடிக்கக் கூடாது. தேய்ந்து மேலே வரும் ஆணி மரத்த காலுக்குத் தெரியாது.

வாருக்குப் பிடித்த நிறம் போடுங்கள். எம்.சி.ஆர். செருப்பைக் கண்டாலே "அந்த நோய்க்காரங்க செருப்பு" என்று பேசுவார்கள் என பயந்து, கிடைத்ததை மூலையில் போட்டவர்கள் உண்டு. பார்க்க அழகாக இருந்தால்தான் திருவிழாவுக்கும் போட்டுப் போவோம்.

போடும்போது கவனம்

முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போடுங்கள். கழற்றியதும் காலைப் பாருங்கள். சிவந்த இடம், சூடான இடம் இருந்தால் அங்கே செருப்பு அழுத்துகிறது, சரிசெய்யுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். தினமும் போடும் முன் உள்ளே கைவிட்டுக் கல், முள் இருக்கிறதா பாருங்கள். ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். எம்.சி.ஆர். அமுங்கித் தட்டையாகிவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காலில் ஆறாத புண் இருந்தாலும், விரல் குறைந்திருந்தாலும், பாதம் வளைந்திருந்தாலும் வீட்டில் முயற்சி வேண்டாம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். தொழுநோய் வந்து குணமானவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பை அரசே இலவசமாகத் தருகிறது. அதைக் கேட்டு வாங்குவது உரிமை. 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் நம் குழுப் பெண்கள்தானே. சர்க்கரை மாத்திரை வாங்கும்போதே, "காலில் உணர்ச்சி இருக்கான்னு எங்கே பார்ப்பாங்க?" என்று அவர்களிடம் கேளுங்கள்.

அடுத்து என்ன?

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும், செருப்பு சேராத உறுப்பினர் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எல்லோர் முன்னாலும் பேர் சொல்லிக் கேட்காதீர்கள், தனியாகப் போய்ப் பேசுங்கள். எல்லோருடைய அளவும் சேர்ந்தால் எத்தனை ஷீட் தேவை என்று கணக்கிட்டு ஒன்றாக வாங்கலாம். வெட்டுவதற்கு இருவர், ஒட்டுவதற்கு இருவர், வார் தைப்பதற்கு இருவர் போதும்.

முதல் ஜோடி கோணலாகத்தான் வரும். நாம் தைத்த முதல் ஜாக்கெட்டும் அப்படித்தானே வந்தது. வாசலில் கிடக்கும் செருப்பும் உள்ளே இருக்கும் ஆளும் கணக்கில் சரியாக வரும்வரை விடாமல் செய்வோம்.