கடை மேசைக்கு இப்பால்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடைகளில் வேலை செய்யும் நம் இளைஞர்களுக்குப் பயன்படும் ஒரு பொருளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். சமயச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது சிறிது ஏமாற்றமாக இருக்கலாம். ஆயினும், இங்கே அமர்ந்திருப்போரிற் பலர் ஜம்பட்டா வீதியிலும், செட்டியார் தெருவிலும், புறக்கோட்டைப் பிரதான வீதியிலும், வெள்ளவத்தையிலும் கடை மேசைக்குப் பின்னால் நிற்பவர்கள். நாமும் அப்படி நின்றவர்களே. ஆகையால் தெரிந்ததைப் பேசுகிறோம்.

சமயத்தை முற்றாக விட்டுவிடவும் மனம் வரவில்லை. கடைக்காரனைப் படாதபாடு படுத்திய வாடிக்கையாளர் யார் என்று தேடினால் நமக்கு முதலில் அகப்படுபவர் பரமசிவனே. பழையாறையிலே புடவை வாணிகம் செய்த அமர்நீதி நாயனாரிடம் பிரமசாரி வடிவில் வந்து, கோவணம் ஒன்றை அடைக்கலமாகக் கொடுத்து, அதைத் தாமே மறையச் செய்து, பின் வந்து கேட்கிறார். வேறு புதுக் கோவணம் தருகிறேன் என்றால் ஏற்கவில்லை. தண்டிலே கட்டியிருக்கும் மற்றக் கோவணத்துக்கு எடைக்கு எடை வேண்டும் என்கிறார். பட்டும் பொன்னும் மணியும் தராசில் ஏறியும் தட்டு நேர் நிற்கவில்லை. ஈற்றில் நாயனாரும் மனைவியாரும் புதல்வரும் ஏறிய பின்பே நின்றது. சேக்கிழார் பாடிய இந்த வரலாற்றைப் பாடசாலையிற் பக்திக் கதையாகப் படித்தோம். கடையிற் சில வருடம் நின்றபின் அதில் இன்னொன்றும் தெரிகிறது. வந்தவருடைய கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஒப்படைத்த பொருள் காணவில்லை. நாயனார் அதை மறுக்கவுமில்லை, ‘எப்போது தந்தீர், யார் கண்டது’ என்று கேட்கவுமில்லை. வாடிக்கையாளர் தெய்வம் என்று சொல்லுகிற முதலாளிமார், தெய்வம் எப்படிப்பட்ட வாடிக்கையாளர் என்பதை அமர்நீதியாரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வாடிக்கையாளரே நம் இடத்துக்கு வரும் பெரிய விருந்தினர் என்று காந்தியடிகள் சொன்னதாகச் சில கடைகளிற் படம் தொங்குகிறது. அவருடைய எழுத்துக்களில் அப்படி ஒன்று அகப்படவில்லை என்று தேடிப் பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். படம் இருக்கட்டும், பாதகமில்லை. அந்தப் படத்துக்குக் கீழே நிற்கிற பையனும் ஒரு மனிதன் என்பதை எழுதி மாட்டுவார் இல்லை.

நிற்க. கொட்டாஞ்சேனைக் கடையின் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. காலை ஒன்பது மணிக்குள் நம்மை நாலு உறவு சொல்லி அழைத்துவிடுவார்கள். சிங்களப் பெண்மணி ‘மல்லி’ என்பார். யாழ்ப்பாணத்து அம்மா ‘தம்பி’ என்பார். வயது சென்ற ஒருவர் ‘மகன்’ என்பார். அவசரக்காரர் ‘ஏய்’ என்பார். இந்த நாலாமவரே சிரமமானவர் என்று புதிதாக வேலைக்கு வருவோர் நினைப்பர். அல்ல. அவர் சாமானை வாங்கிக்கொண்டு உடனே போய்விடுவார். ‘மகன், மகன்’ என்று அன்பொழுக அழைத்து, கலியாண வீட்டுக்கு உடுத்த சேலையை மறுநாள் மடித்துக்கொண்டு வந்து ‘கரை பிடிக்கவில்லை’ என்பவரிடமே நம் பொறுமை முழுவதும் செலவாகும். சந்தன வாசனை சேலையிலிருந்து வரும். என்றாலும் அதைச் சொல்லக்கூடாது. ‘உடுத்த சேலையை மாற்ற இயலாது, அம்மா’ என்று மெதுவாக ஒரே வசனத்தை மூன்று முறை சொன்னால் போதும். நாலாம் முறைக்கு அவரே வேறு கதை தொடங்குவார்.

விலை பேசுகிறவர்களைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. முதலிற் சொன்ன விலை நேரானதா என்று அவர்கள் சோதிக்கிறார்கள். அரைவாசி விலைக்கு இறங்கிவிட்ட கடைக்காரன், அடுத்த முறை அவர் கால்வாசி கேட்பதற்குத் தானே வழி காட்டிவிட்டான்.

இனிச் சொல்லப்போவதே நாம் சிறப்பாகப் பேச எண்ணியது. 2021ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பால்மா, சமையல் எரிவாயு, கோதுமை மா, சீமெந்து ஆகியவற்றின் கட்டுப்பாட்டு விலையை அரசாங்கம் நீக்கியது. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி சரிந்தது. அந்த மார்ச் மாதத்திலேயே 540 ரூபாயாக இருந்த 400 கிராம் பால்மா 790 ரூபாயாயிற்று. அவ்வருடம் செப்டெம்பரிலே கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அண்மியது. அந்த நாட்களில் மேசைக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோருமே சிரமமான வாடிக்கையாளர்கள்தாம்.

ஒரு நாள் ஒரு பலசரக்குக் கடையிலே, வயது முதிர்ந்த ஒருவர் பால்மாப் பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தார். அதில் 540 என்று அச்சிட்டிருந்தது. பற்றுச்சீட்டில் 790. அவர் உரத்துச் சத்தமிட்டார். கடையின் பரம்பரையையே இழுத்தார். பின்னால் வரிசை நீண்டது. முதலாளி, ‘இன்று எங்கும் இதுதான் விலை, வேண்டுமானால் எடுக்கட்டும்’ என்று உள்ளிருந்து சொன்னார். மேசையில் நின்ற பிள்ளைக்கு வயது பத்தொன்பது. மலையகத்திலிருந்து வந்து மூன்று மாதம். ஏச்சு முழுவதும் அவளுக்கே.

அந்தப் பெரியவர் பேசிய பேச்சுப் பிழை. கேட்ட கேள்வி சரி. அச்சிட்ட விலைக்கு மேலே விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி குற்றம். அந்த விலையை அழிப்பதும் குற்றம். சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு இல்லை என்பதும் குற்றம். முதலாளியின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கவில்லை: 540க்கு விற்ற காசைக் கொண்டு அடுத்த பெட்டியை வாங்க முடியாது. ஆனால் அந்த நட்டத்தை அச்சிட்ட விலைக்கு மேலே ஏற்றிப் பால் குடிக்கிற குழந்தையிடம் வசூலிக்கச் சட்டமும் இடம் தரவில்லை, நம் சமயமும் இடம் தரவில்லை. வள்ளுவர் வாணிகனுக்குரிய குறளை நடுவுநிலைமை அதிகாரத்தின் முடிவில் வைத்திருப்பது யோசிக்கத் தக்கது.

அந்தப் பிள்ளை செய்தது இதுதான். ‘ஐயா, நீங்கள் சொல்வது சரி. விலையை நான் போடுவதில்லை. முதலாளியைக் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லி, உள்ளே போய் அவரை மேசைக்கு அழைத்து வந்தாள். அவ்வளவே. சத்தம் பாதியாகக் குறைந்தது. முதலாளி எல்லோர் முன்னிலையிலும் பைக்கற்றைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், 540க்கே கொடுத்தார். அன்றைக்கு அவள் ஏச்சு வாங்காமல் வீடு போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இளைஞர்களே, முதலாளி எடுத்த முடிவுக்கு நீங்கள் பொய் சாட்சி சொல்லவேண்டியதில்லை. ‘இல்லை’ என்று சொல்லச் சொன்னால், ‘முதலாளியிடம் கேளுங்கள்’ என்று சொல்லலாம். கேட்டவருக்குப் பற்றுச்சீட்டைக் கொடுத்துவிடுங்கள். கேட்டால் கொடுப்பது சட்டப்படி கடமை. முறைப்பாடு செய்ய விரும்புவோர் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் சொல்லலாம்.

இன்னொரு சங்கதி. மாலை ஆறு மணிக்கு மேல் வரும் சண்டைகளில் அரைவாசிக்குக் காரணம் வாடிக்கையாளர் அல்லர், நம் கால்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் உணவு இடைவேளை நீங்கலாக நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்று வரையறுத்திருக்கிறது. பண்டிகைக் காலத்தில் புடவைக்கடைகளில் இது எவ்வளவு பேணப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டிலே 2021இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் திருத்தினார்கள். அதற்கு முன் 2018இல் கேரளத்திலும் செய்தார்கள். அங்கே புடவைக்கடைப் பெண்களே போராடிப் பெற்றது அது.

நம் சங்கத்தின் அங்கத்தவர்களிற் கடை வைத்திருப்போரும் உளர். முன்வரிசையிலே சிலர் அமர்ந்திருக்கிறார்கள், கதிரையில். வருகிற தீபாவளி வியாபாரத்துக்கு முன்பாக, மேசைக்கு இப்பால் நிற்பவர்களுக்கும் ஆளுக்கு ஒரு முக்காலி போடும்படி அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம். கடிதத்தை எழுதித் தரவும் நாம் ஆயத்தம்.