வாழ்த்துக்கு மெட்டுத் தந்தவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழாத் தொடக்கத்தில் அனைவரும் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினோம். முன்வரிசையில் நின்று பாடிய சிறுவர்களின் கைகளில் தாள்கள் இருந்தன. அவற்றில் பாடல் இந்தி எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அத்தாள்களுள் ஒன்று நம் வீட்டுப் பிள்ளையுடையது. கண்டதும் நாணினோம். ஆயினும், அவர்கள் பாட்டில் மெட்டு ஓரிடத்திலும் பிசகவில்லை. அம்மெட்டை அமைத்தவர் மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன்.

1928ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில், மலையாளம் பேசும் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். படக் கம்பெனியில் எடுபிடி வேலை செய்தபடியே, எஸ். எம். சுப்பையா நாயுடுவை அடுத்திருந்து தொழில் பயின்றார். பின்னர் சி. ஆர். சுப்பராமனிடம் பணி புரிந்தார். 1952இல் சுப்பராமன் இளவயதில் மறையவே, அவர் முடிக்காது விட்ட படங்களின் இசையை விசுவநாதனும், வயலின் கலைஞர் டி. கே. இராமமூர்த்தியும் சேர்ந்து நிறைவு செய்தனர். துயரில் தொடங்கிய அவ்விணை, ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘கர்ணன்’ எனப் புகழ் வளர்த்தது. ‘கர்ணன்’ படத்திற்கு வடநாட்டு இராகங்களையும், ஷெனாய், சாரங்கி முதலிய கருவிகளையும் அவர்கள் தமிழுக்கு இசைவாக ஆண்ட திறம், வடநாட்டில் வாழும் நமக்கு நன்கு விளங்கும். 1963இல் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் பெற்றனர், 1965இல் பிரிந்தனர். அதன்பின் விசுவநாதன் தனித்தே பல்லாண்டுகள் இசையமைத்தார். புகழின் உச்சியிலும் அவர் நன்றி மறக்கவில்லை. தமக்கு வழிகாட்டிய சுப்பையா நாயுடுவை முதுமையில் தம்முடன் வைத்துப் பேணினார். இறுதிக் கடனையும் மகனைப்போல் செய்தார். 2015இல் சென்னையில் அவர் மறைந்தார்.

அவருடைய திரைப்பாடல்களை நாம் வானொலியில் கேட்டு மகிழ்ந்தோம். எனினும், தமிழர் கூடும் இடமெல்லாம் எழுந்து நின்று பாடுவது 1970இல் அவர் அமைத்த இம்மெட்டையே. மோகன இராகம், ஐந்தே சுரங்கள், மும்மூன்றாய் நடக்கும் தாளம், பாடி முடிக்க 55 விநாடி. குழந்தையும் பாடலாம், முதியவரும் பாடலாம். 2021இல் தமிழ்நாட்டரசு இதனை மாநிலப் பாடலாக அறிவித்தது.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். இப்பாடலை 1891இல் வெளிவந்த தம் நாடக நூலில் பாடிய சுந்தரனார் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் ஆசிரியப்பணி புரிந்தவர். மெட்டமைத்தவரோ எலப்புள்ளிக்காரர். இன்றைய தமிழ்நாட்டெல்லைக்கு வெளியே பிறந்த இருவர் தந்ததே நம் தாய்வாழ்த்து! ஆகவே, வெளியூரில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் எட்டாது என்று நாம் சோர்வதற்கு இடமில்லை.

செவி வழியாகத் தமிழ் அவர்களிடம் வந்துவிட்டது. கை வழியாகவும் வரவேண்டும். இவ்வூர்ப் பள்ளிகளில் தமிழ் இல்லையென்பது உண்மையே. நம் இல்லங்களில் இல்லாமற் போனதற்கு யார் பொறுப்பு? ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். அடுத்த ஆண்டு விழாவில் அத்தாள்கள் தமிழெழுத்தில் இருக்கட்டும். நம் வீட்டிலிருந்தே அதனைத் தொடங்குகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!