ஒன்பது வயதில் கண்ட கனா



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அவர், மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் "என்ன படிச்சே?" என்று கேட்பதற்கு முன்னால் "ராத்திரி என்ன கனா கண்டே?" என்று கேட்பார். இந்த அரங்கில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்தவர்கள் பலர் இருக்கிறோம். ஆகவே இவ்வாண்டு உரைக்குக் கனவையே பொருளாக எடுத்துக்கொண்டோம். மேடைகளில் பேசப்படும் இலட்சியக் கனவை நாம் சொல்லவில்லை. இரவில் வந்து பிள்ளையை உலுக்கி எழுப்பும் கனவைச் சொல்கிறோம்.

நம் தெருக்களில் பிள்ளை அலறிக்கொண்டு எழுந்தால் திருநீறு பூசுகிறோம், தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்கிறோம். என்ன கண்டாய் என்று கேட்பது குறைவு. படித்த பிறகோ, கனவு தனிமனிதருடைய மனச் சரக்கு, அதை உளவியல் பார்த்துக்கொள்ளும் என்று ஒதுங்கிவிடுகிறோம். சமூகவியல் வகுப்பறைகளும் நமக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தன. ஆனால் ஒரு சிறுவனின் கனவை ஊரே எடுத்து நடத்திய வரலாறு ஒன்று உண்டு. நிலத்தையும் வழிபாட்டையும் பறிகொடுத்த அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டா மக்களின் வரலாறு அது.

பிளாக் எல்க் 1863இல் பிறந்தவர். ஒன்பது வயதில் கைகால் வீங்கி, நினைவு தப்பி, பன்னிரண்டு நாள் கிடந்தார். அப்போது ஒரு காட்சி கண்டார். நான்கு திசையிலிருந்தும் நான்கு நிறக் குதிரைகள் வருகின்றன. மேகக் கூடாரத்தில் ஆறு தாத்தாக்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அவனிடம் ஒரு கிண்ணம் நீரும் ஒரு வில்லும் கொடுக்கிறார்கள். பிறகு ஒரு சிவப்புக் கோலையும் கொடுக்கிறார்கள். அந்தக் கோல் மக்களின் வட்டத்துக்கு நடுவே தளிர்த்து மரமாக வேண்டும். காய்ச்சலின் பிதற்றல் என்று மருத்துவம் சொல்லலாம். லகோட்டா மரபு அதை ஒப்படைக்கப்பட்ட வேலையாகப் பார்த்தது.

சிறுவன் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய கனா கண்ட பிள்ளை உடனே ஞானியாகிவிடும் என்று கதைகள் சொல்கின்றன. இங்கே நடந்தது வேறு. அடக்கி வைத்த கனவு அவனைப் பயமாக வாட்டியது. இடி இடித்தால் நடுங்கினான். ஏதோ செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருக்கிறோம் என்ற உறுத்தல் பதினேழு வயதுவரை தொடர்ந்தது. கடைசியில் பிளாக் ரோடு என்ற முதிய வைத்தியரிடம் சொன்னான். அந்தக் கனவை மக்கள் காணும்படி நடத்திக் காட்ட வேண்டும் என்றார் பெரியவர்.

1881இல் குதிரை நடனம் நடந்தது. கனவில் வந்த நிறங்களிலேயே குதிரைகள் நின்றன. ஆறு முதியவர்கள் ஆறு தாத்தாக்களாக அமர்ந்தார்கள். கனவில் கேட்ட பாடல்களைப் பையன் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தான். அதன் பிறகே அவன் பயம் நீங்கியது. நோய் தீர்ப்பவனாக அவன் மாறியதும் அதன் பிறகுதான். நாம் சொல்ல வருவது இதுதான்: கனவு தானாக யாரையும் வளர்ப்பதில்லை. கேட்க ஒரு பெரியவரும், சேர்ந்து ஆட ஓர் ஊரும் இருந்தால்தான் அது வளர்ச்சியாகிறது.

அந்த ஊரைத்தான் அரசு குறிவைத்தது. 1883இல் பூர்வகுடிகளின் சடங்குகளும் அவர்களுடைய வைத்தியர்களின் தொழிலும் குற்றமாக்கப்பட்டன. 1890 டிசம்பர் 29 அன்று ஊண்டட் நீ என்ற இடத்தில் பெண்கள், குழந்தைகள் உட்பட 200க்கும் மேற்பட்டோரை ராணுவம் கொன்றது. பிளாக் எல்க் 1904இல் கத்தோலிக்கரானார். பல ஆண்டுகள் உபதேசியாராக இருந்தார். ஆனாலும் 1931இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், ஜான் நைஹார்ட் என்ற வெள்ளைக் கவிஞரிடம் அந்தக் கனவை விரிவாகச் சொன்னார். மதம் மாறியும் கனவு அவரை விடவில்லை. அவரும் அதை விடவில்லை.

1932இல் புத்தகம் வந்தது. அதில் அவர் சொல்லும் கதை மக்களின் கனவு செத்துவிட்டது என்ற புலம்பலோடு முடிகிறது. உலகம் மேற்கோள் காட்டியது அந்த முடிவைத்தான். 1984இல் ரேமண்ட் டெமாலி அந்த நேர்காணல் குறிப்புகளைப் பதிப்பித்தபோது, அந்த வரிகள் அவற்றில் இல்லை என்பது தெரிந்தது. அவை கவிஞர் எழுதிச் சேர்த்தவை. கிழவர் வேண்டியது மரத்தின் ஒரு வேராவது உயிரோடு இருக்கட்டும், அது தளிர்க்கட்டும் என்றுதான்.

இது நமக்குப் புதிதல்ல. பெரியபுராணத்தில் திருநாளைப்போவாரின் கனவில் இறைவன் வந்து, தீயில் மூழ்கி வா என்கிறார். நந்தன் பூணூலோடு எழுகிறார். பின் தில்லைக்குள் மறைகிறார். அந்தக் கனவை எழுதியவர் நந்தனல்லர். புலையர் உடலோடு, தன் தோல்கருவிச் சத்தத்தோடு கோயிலுக்குள் நிற்கும் கனவு நந்தனுக்கு வந்திருக்காதா? வந்திருந்தாலும் அதைக் கேட்டு எழுத ஆள் இல்லை. ஒரு மக்களின் கனவுக்குப் பிறர் முடிவு எழுதினால், அது ஒன்று புலம்பலில் முடியும், அல்லது நெருப்பில் முடியும்.

தலித் இலக்கியத்தின் வேலைகளில் ஒன்று அந்த முடிவுகளை நாமே எழுதுவது. அதற்கு முந்திய வேலை ஒன்று உண்டு, அதற்குப் பேனாகூட வேண்டாம். நம் பிள்ளைகள் பள்ளியில் கடைசி வரிசையை, பெயருக்குப் பின்னால் வரும் கேள்வியை, பூட்டிய கதவைக் கனவில் காண்கிறார்கள். பறப்பதாகவும் காண்கிறார்கள். இரண்டையும் கேட்போம். பொருள் சொல்ல அவசரப்பட வேண்டாம். பாட்டாக வந்தால் பாடச் சொல்வோம், படமாக வந்தால் வரையச் சொல்வோம், ஆட்டமாக வந்தால் பறையெடுத்துத் தெருவே ஆடட்டும்.

நம் தோழர் அந்தக் கேள்வியை நமக்கு விட்டுச்சென்றிருக்கிறார். நாளைக் காலை நம் வீடுகளில் அதைக் கேட்போம்.