பூசணம் பிடித்த புண்ணாக்கும் நம்ம வீட்டுப் பாலும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கறவை மாடு வளர்க்கும் உறுப்பினர்களுக்காகப் பேசியது)



நம்மில் நிறையப் பேர் குழுக் கடனில் மாடு வாங்கியிருக்கோம். மழை மாசத்தில் கடலைப் புண்ணாக்கு மூட்டையின் அடியில் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம் பூத்துவிடும். "காசு போட்டு வாங்கினதாச்சே, வெயிலில் உதறி, கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்து வெச்சா ஆகாதா?" என்று கேட்கிறவங்க உண்டு. ஆகாது என்று சொல்லத்தான் வந்தேன்.

அந்தப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சுதான் காரணம். மாடு அப்படி உடனே சாகாது. கல்லீரல் கெடும், தீனி குறையும், பால் குறையும். தின்ற ஒரு நாளுக்குள் நஞ்சு பாலிலும் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலைக் குடிக்கிறது நம்ம பிள்ளைங்க. ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பால் சரியாகும்.

மஞ்சள், கீழாநெல்லி இரண்டும் நல்லவைதான். கறிக்கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் கல்லீரல் சேதம் குறைந்திருக்கிறது. குறைந்தது, நின்றுவிடவில்லை. இவை கல்லீரலுக்குத் துணை. கெட்ட புண்ணாக்கை நல்லதாக்காது. கடையில் விற்கும் டாக்சின் பைண்டர் வேறு. அதில் உள்ள களிமண் குடலிலேயே நஞ்சைப் பிடித்துச் சாணத்தோடு தள்ளும். எதையும் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொடுங்க.

பூசணம் வராமல் பார்ப்பதுதான் முதல் வைத்தியம். மூட்டையைப் பலகை மேல் வையுங்க, சுவரை ஒட்டாதீங்க. மொத்தமாக வாங்கினால் விலை குறையும், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் பதினைந்து நாளுக்கு மட்டும் வாங்குங்க. மக்காச்சோளத்துக்கு ஒரு சோதனை: காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் சோளமும் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்க. உப்பு பாட்டிலில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். இன்னும் காயணும்.

பூசணம் பிடித்ததைக் கோழிக்கும் போடாதீங்க, மாட்டை விட அதுக்குத்தான் சீக்கிரம் பாதிக்கும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்க.

கடைசியாகக் குழுத் தலைவிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மூட்டையை வீசுவது ஏழை வீட்டுக்குப் பெரிய நஷ்டம். அந்த பயத்தில்தான் கெட்டதையும் போடுகிறோம். அப்படி வீசினவங்களுக்குச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுக்க ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போடணும். நஷ்டத்தை ஒருத்தி தலையில் விடாமல் பகிர்ந்துக்கத்தானே குழு!