வழிவிடுகிற உரிமை



சில ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்டு மாதத்தில், நெய்வேலியிலிருந்து நம் பங்கு மக்கள் நாற்பது பேர் கொடைக்கானலுக்குத் திருயாத்திரை போனோம். 1846ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லா சலேத் மலையில், மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்குக் காட்சி தந்த அன்னையின் பெயரால் அங்கே ஓர் ஆலயம் இருக்கிறது. பெருவிழாத் திருப்பலி கண்டோம், தேர்ப்பவனியில் நடந்தோம். மறுநாள் காலை, ஊர் திரும்பும் முன், பைன் தோட்டம் ஒன்றின் வழியாகச் செல்லும் மண்பாதையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்தோம்.

பைன் அந்த மலையின் சொந்த மரம் அல்ல. அங்கே அதிகம் நடப்பட்ட பட்டுலா பைன் மெக்சிகோவிலிருந்து வந்தது. நட்டு வளர்த்த காடு நமக்குப் புதிதும் அல்ல. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுகளின் மேல் மரங்கள் வளர்ந்து நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். ஆனால் பைன் மரத்தடியில் நம் ஊர்போல் புல்லும் புதரும் அதிகம் இருக்காது. காய்ந்த ஊசியிலைகள் மெத்தைபோல் கிடக்கும். மழை பெய்துவிட்டால் வழுக்கும். அன்று இரவு மழை பெய்திருந்தது.

அந்தப் பாதை நடப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல. பட்டை டயர் போட்ட மலைச் சைக்கிள்களில் இளைஞர்களும் அதில் வருவார்கள். நாம் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஐந்தைந்து பேராகக் கைகோத்துப் பாடிக்கொண்டு போனோம். பின்னால் மேட்டிலிருந்து சைக்கிள் மணி கேட்டது. ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை.

பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டோம். அது முழு உண்மை அல்ல. முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்காமல் இருந்திருக்கலாம். கடைசி வரிசையில் இருந்த நமக்குக் கேட்டது. திரும்பியும் பார்த்தோம். “ஜெபம் சொல்லிட்டுப் போறோம், கொஞ்சம் பொறுக்கட்டுமே” என்று எண்ணிக்கொண்டு மேலே நடந்தோம்.

அந்தத் தம்பிக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். நம் மேல் மோதிவிடக் கூடாது என்று ஓரமாக ஒடித்துத் திருப்பினான். ஈர இலையில் சக்கரம் வழுக்கி, மரத்தடியில் போய் விழுந்தான். ஓடிப்போய்த் தூக்கினோம். மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. அப்போதும் நம் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? “நடக்கிறவங்களுக்குத்தானே தம்பி முதல் வழி?” அவன் கோபப்படவில்லை. “ஆமா ஃபாதர், அதனாலதான் உங்க மேல இடிக்காம திருப்பினேன்” என்றான். நம் அன்னையர் சபைப் பெண் ஒருவர் தம் கைக்குட்டையால் அவன் கையைக் கட்டினார். பாட்டு நின்றுபோயிருந்தது.

அன்பார்ந்தவர்களே, சட்டப்படி பார்த்தால் நாம் சொன்னது சரிதான். மேலை நாடுகளில் இப்படிப்பட்ட பொதுப்பாதைகளின் முகப்பில் முக்கோணப் பலகை ஒன்று வைத்திருப்பார்கள். சைக்கிளில் வருபவர் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும், நடப்பவர் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்று அது சொல்லும். எளிதில் அடிபடக் கூடியவரைக் காப்பதற்காக வந்த விதி அது. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் இன்னொருவரை விழவைத்தோம். உரிமை நம்மிடம் இருந்தது. அன்பு, விழுந்தவனிடம் இருந்தது.

தொடக்க நூல் 13ஆம் அதிகாரத்தில் ஆபிராமின் மேய்ப்பர்களுக்கும் லோத்தின் மேய்ப்பர்களுக்கும் இடையே சச்சரவு வருகிறது. இரண்டு மந்தைகளுக்கும் அந்த நிலம் போதவில்லை. ஆபிராம் பெரியவர், லோத்தின் தந்தைக்குச் சகோதரர். முதலில் தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்கே உண்டு. ஆனால், நீ இடப்பக்கம் போனால் நான் வலப்பக்கம் போகிறேன் என்று சகோதரன் மகனுக்கே முதல் வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறார். நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளியை லோத்து எடுத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் கடவுள் ஆபிராமிடம் கண்களை உயர்த்திப் பார்க்கச் சொல்லி, நாலா திசையும் காட்டி வாக்களிக்கிறார். தூய பவுலும் கொரிந்து நகரத் திருச்சபைக்கு இதையே எழுதுகிறார். நமக்கு இருக்கும் உரிமை வலுவற்ற சகோதரனுக்குத் தடைக்கல்லாகிவிடக் கூடாது. அன்று பைன் தோட்டத்தில் நாம் தடைக்கல்லாக நின்றோம்.

வழிவிடுவது வேறு, வழிவிட வைக்கப்படுவது வேறு. நெய்வேலிக்காரர்களாகிய நமக்கு இது நன்றாகத் தெரியும். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது முதல், சுரங்கத்துக்காக ஊரையும் வயலையும் விட்டு நகர்ந்த குடும்பங்கள் எத்தனை! அவர்களில் எல்லாரும் மனமுவந்து நகர்ந்தவர்கள் அல்லர். இந்த நகரியத்தின் அகலமான சாலைகளில் நாம் நிம்மதியாக நடக்கிறோம் என்றால், யாரோ ஒதுங்கிய இடத்தில்தான் நடக்கிறோம்.

இன்று அதே சாலைகளில் விடியற்காலையில் மூன்று மூன்று பேராகப் பேசிக்கொண்டே நடைப்பயிற்சி செய்கிறோம். வடக்குத்துப் பக்கமிருந்தும் மந்தாரக்குப்பத்துப் பக்கமிருந்தும் சாப்பாட்டுத் தூக்கை மாட்டிக்கொண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் சைக்கிளில் வருகிறார்கள். நமக்கு அது உடற்பயிற்சி, அவர்களுக்கு ஷிப்டு. நாம் இரண்டு நிமிடம் தாமதித்தால் ஒன்றும் குறையாது. அவர்கள் தாமதித்தால் அன்றைய வேலையே போய்விடலாம். அவர்கள் அடிக்கும் மணி நமக்குக் கேட்கிறதா? கேட்டும் நடக்கிறோமா?

வீட்டிலும் இப்படி மணிகள் ஒலிக்கின்றன. மருமகளின் மௌனம் ஒரு மணி. வயதான தந்தை இரண்டாம் முறை கூப்பிடுவது ஒரு மணி. பங்கில் பல ஆண்டுகளாகப் பொறுப்பில் இருக்கும் நமக்குப் பின்னால் இளையவர்கள் காத்து நிற்பதும் ஒரு மணிதான். பங்குத்தந்தையர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது கேட்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. கேட்பதற்குத்தானே ஜெபம்?

இந்த வாரம் ஒரே ஒரு முயற்சி செய்வோம். வழி நமக்கே உரியது என்று உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில், நாமாகவே ஓரடி ஒதுங்கி நிற்போம்.

மன்றாடுவோம்: எங்களுக்காக உமது உரிமைகளையெல்லாம் விட்டுக்கொடுத்து எங்கள் பாதையில் நடந்து வந்த ஆண்டவரே, எங்களுக்குப் பின்னால் வருபவரின் குரலைக் கேட்கும் செவியையும், ஒதுங்கி நிற்கும் மனத்தையும் தந்தருளும். அன்று எங்களால் கீழே விழுந்த அந்தத் தம்பியையும், எங்களால் விழுந்த அனைவரையும் ஆசீர்வதியும். ஆமென்.